எழுமாற்று எண் பெட்டி: இரைச்சலிலிருந்து பிட் வரை, முதல்முறை செய்பவர்களுக்கு

நான் முதலில் செய்த எழுமாற்று எண் (ரேண்டம் நம்பர்) பெட்டி மூன்று வாரம் அருமையாக வேலை செய்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2022 மின்வெட்டுக் காலம், கொழும்பு வெள்ளவத்தையில் ஓர் அனெக்ஸ். மேசையில் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகை, அதன் அனலாக் காலில் மறுமுனை எதிலும் மாட்டாத ஒரு வயர். சும்மா தொங்கும் வயரில் வருகிற அளவு எழுமாறாக இருக்கும் என்று எங்கோ படித்ததை நம்பியிருந்தேன். ஒவ்வோர் அளவையும் முந்திய விடையோடு சேர்த்து ஷா-256 ஹாஷில், அதாவது எதைப் போட்டாலும் கலக்கி 256 பிட் எண்ணாகத் தரும் ஒரு கணக்கில், போட்டு அரைத்தேன். வெளியே வந்த எண்களைச் சோதித்தால் எல்லாவற்றிலும் சித்தி.

ஓர் இரவு கரண்ட் போனது. மடிக்கணினி பட்டரியில் ஓடியது, எண்களும் ஓடின. அன்றைக்குத்தான் ஏனோ, ஹாஷுக்குள் போவதற்கு முந்திய அளவுகளைத் திறந்து பார்த்தேன். ஏறக்குறைய ஒரே எண் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கரண்ட் வந்ததும் அளவுகள் மேலும் கீழும் ஆடத் தொடங்கின, வினாடிக்கு 50 தடவை. சுவருக்குள் ஓடும் 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்தின் நிழலைத்தான் மூன்று வாரமாக எழுமாறு என்று சேர்த்துவைத்திருக்கிறேன். வயரில் ஒன்றுமே வராத நேரத்திலும் வெளியே வந்த எண்கள் பார்க்க அழகாகவே இருந்தன. ஹாஷ் அப்படித்தான், எதைப் போட்டாலும் அழகாக்கித் தரும்.

அதனால் இந்த வழிகாட்டியில் பச்சை அளவுகளை, அதாவது ஹாஷில் போடாத அளவுகளை, பார்க்கும் பகுதி நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உயர்தரத்தில் பௌதிகவியல் படித்து, திரான்சிஸ்டர் அலகை ஓரளவு நினைவில் வைத்திருந்தால் போதும். படிக்காதவர்களும் வயரை மாட்டலாம், ஆனால் ஏன் என்று ஒருவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எதற்கு இவ்வளவு பாடு?

கணினி தானாகத் தருகிற எழுமாற்று எண் ஒரு கணக்கின் விடை. தொடக்க எண்ணைத் தெரிந்தவருக்கு மிச்சம் எல்லாம் தெரியும். விளையாட்டுக்கு அது போதும், இரகசியச் சாவிக்குப் போதாது. 2008இல் வெளியே வந்த டெபியன் லினக்ஸ் இயங்குதளப் பிழை இதற்கு நல்ல பாடம். அதற்கு இரண்டு வருடம் முன்பு யாரோ ஓர் எச்சரிக்கைச் செய்தியை நிறுத்துவதற்காக சாவி உருவாக்கும் ஓபன்எஸ்எஸ்எல் மென்பொருளில் இரண்டு வரிகளை நீக்கினார்கள். அதோடு எழுமாறு சேர்க்கும் வழியே அடைபட்டது. மிஞ்சியது, ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் கணினி கொடுக்கிற, 32,768 வரை போகும் ஒரு செயல் இலக்கம் மட்டும். ஒரு வகைக் கணினியில், ஒரு நீளத்தில் உருவாகக்கூடிய சாவிகளை எல்லாம் ஒருவர் உட்கார்ந்து பட்டியல் போட்டுவிடலாம். அந்தச் சாவிகளும் பார்க்க எழுமாறாகத்தான் இருந்தன.

ஆகவே நமக்கு வேண்டியது யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒரு பௌதிக நிகழ்வு. அதிலிருந்துதான் பிட், அதாவது 0 அல்லது 1, எடுக்க வேண்டும்.

லேசர் எப்படிச் செய்கிறது

இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த மூலம் குழப்ப லேசர், ஆங்கிலத்தில் கேயாஸ் லேசர். வீட்டில் செய்ய முடியாது. ஆனால் இதைப் புரிந்துகொண்டால் நம்முடைய மலிவான பெட்டியும் புரிந்துவிடும்.

சீடி பிளேயரில் இருப்பது போன்ற ஒரு குறைகடத்தி லேசரை எடுத்து, அதன் முன்னால் ஒரு கண்ணாடியை வைத்து, வெளியே போகிற ஒளியில் கொஞ்சத்தை அதற்குள்ளேயே திருப்பி அனுப்புகிறார்கள். திரும்பி வரும் ஒளி சற்றுத் தாமதமாக வருகிறது. உள்ளே இப்போது பிறக்கும் ஒளியோடு அது மோதிக் கலக்கிறது. பின்னூட்டத்தை அளவாக வைத்தால் லேசரின் பிரகாசம் நிதானமாக நிற்காது. வினாடிக்குக் கோடிக்கணக்கான தடவை, ஒரு தடவை வந்த மாதிரி மறு தடவை வராமல், ஏறி இறங்கும்.

இதில் நுணுக்கமான இடம் ஒன்று உண்டு. குழப்பம் என்பது தன்னளவில் எழுமாறு அல்ல. அதுவும் சமன்பாட்டுக்குக் கட்டுப்பட்டதுதான். தொடக்க நிலையைத் துல்லியமாகத் தெரிந்தால் சொல்லிவிடலாம். ஆனால் லேசருக்குள் அணுக்கள் தன்பாட்டில் ஒளித்துகள்களை உமிழ்ந்துகொண்டே இருக்கின்றன. எது எப்போது உமிழும் என்பதைக் குவாண்டம் விதிகளின்படி யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சின்னஞ்சிறு வித்தியாசத்தைக் குழப்பம் சில நானோ வினாடிகளுக்குள் ஊதிப் பெருக்கிக் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கொண்டுவருகிறது. இந்தக் குவாண்டம் இரைச்சல் விதை என்றால் குழப்பம் உரம். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகுங்கள். "உன் எழுமாறு எங்கிருந்து வருகிறது?" என்று யாராவது கேட்டால் விதையைத்தான் காட்ட வேண்டும்.

2008இல் ஜப்பானில் அட்சுஷி உச்சிடாவின் குழு இதைச் செய்து காட்டியது. இரண்டு குழப்ப லேசர்கள். ஒவ்வொன்றின் பிரகாசமும் ஓர் எல்லைக்கு மேலே என்றால் 1, கீழே என்றால் 0. இரண்டு பிட்டும் ஒன்றானால் 0, வேறானால் 1. வினாடிக்கு 1.7 ஜிகாபிட். அடுத்த இரண்டு வருடத்தில் இஸ்ரேலில் ஐடோ கண்டரின் குழு ஒரே லேசரை வைத்து முதலில் 12.5, பிறகு 300 ஜிகாபிட் என்று அறிவித்தது. 2021இல் யேல் பல்கலைக்கழகத்தின் ஹூய் சாவோ குழு, நடுவில் ஒடுங்கிய மணற்கடிகார வடிவ லேசரில் ஒரே நேரத்தில் பல இடங்களில் ஒளியை அளந்து, வினாடிக்கு 250 டெராபிட் வரை போனது.

இந்த எண்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு படிக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த 300 ஜிகாபிட்டில், 8 பிட்டாக அளந்த மாதிரிகளுக்கு இடையிலான வித்தியாசங்களைத் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு, ஒவ்வொரு மாதிரிக்கும் 15 பிட் எடுத்தார்கள். 8 படி அரிசியை எத்தனை தடவை புடைத்தாலும் 15 படி ஆகாது. சோதனைகளில் சித்தியடைவது வேறு, உள்ளே அவ்வளவு எழுமாறு இருப்பது வேறு.

சரி, புறக்கோட்டையில் வாங்கிய லேசர் பேனாவையும் ஒரு முகக்கண்ணாடியையும் வைத்து நாமும் செய்யலாமா? செய்யாதீர்கள். லேசரின் ஆட்டம் ஜிகாஹேர்ட்ஸ் வேகத்தில் நடக்கிறது, ஆர்டுயினோ வினாடிக்குப் பத்தாயிரம் தடவைகூட அளக்காது. அதைவிட முக்கியம், கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற கதிர் கண்ணுக்குள் போகும். மலிவுப் பேனாக்களில் ஒட்டியிருக்கும் சக்தி அளவை நம்ப முடியாது.

சாமான் வாங்குதல்

வீட்டுக்கு ஏற்ற மூலம், பின்முகக் கோடலில் முறிய வைத்த ஒரு திரான்சிஸ்டர். அதற்கு எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று மூன்று கால். எமிட்டருக்கும் பேஸுக்கும் இடையில் தலைகீழாக மின்னழுத்தம் கொடுத்தால் 7, 8, 9 வோல்ட் அளவில் அவை இரண்டும் சேரும் சந்தி முறிகிறது. ஓர் இலத்திரன் ஓடிப்போய் இன்னொன்றை மோதி விடுவிக்க, இரண்டும் போய் மோதி நான்காக, ஒரு சரிவு. எப்போது தொடங்கும், எவ்வளவு பெரிதாகும் என்று யாருக்கும் தெரியாது. விதையும் உரமும் ஒரே சந்திக்குள் இருக்கின்றன.

காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் ஏறிப் புறக்கோட்டையில் இறங்கி, முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் நடந்தால் இலத்திரனியல் கடைகள் வரும். பீசீ 547 அல்லது டூ-என் 3904 என்ற திரான்சிஸ்டரைக் கேளுங்கள். நான் போன கடையில் நடந்தது:

"நானா, பீசீ 547 இருக்கா?"

"எத்தனை தம்பி?"

"இருபது."

"இருபதா? ரேடியோ செய்யப் போறீங்களா?"

தேவை மூன்றுதான். ஆனாலும் இருபது வாங்குங்கள், விலை பெரிதில்லை. ஒவ்வொன்றும் வேறு வோல்ட்டில் முறியும், சிலது நன்றாக இரையும், சிலது ஊமை. பொறுக்கி எடுக்க வேண்டும்.

மற்றவை: 4.7 கிலோ ஓம் தடையி 2, 1.5 மெகா ஓம் 1, 22 கிலோ ஓம் 1, 10 கிலோ ஓம் 1. கொள்ளளவி 0.1 மைக்ரோஃபரட் 1, 100 மைக்ரோஃபரட் 1. பிரெட்போர்ட் (ஈயம் வைக்காமல் கால்களைச் செருகும் பலகை), 12 வோல்ட் அடாப்டர், ஆர்டுயினோ ஊனோ, மல்டிமீற்றர். பென் டோர்ச் பட்டரி எட்டுப் போடும் ஒரு பெட்டியும் வாங்குங்கள்; ஏன் என்று கடைசியில் தெரியும்.

மாட்டுதல்

தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால், பீசீ 547இல் இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர். டூ-என் 3904இல் நேர்மாறு: எமிட்டர், பேஸ், கலெக்டர். பள்ளிக்கூடத்தில் காலி, அடி, சேகரிப்பான் என்று மனப்பாடம் செய்தது இதைத்தான்.

முதல் திரான்சிஸ்டரின் எமிட்டரும் இரண்டாவதன் கலெக்டரும் ஒரே புள்ளியில் சேர வேண்டும். அந்தப் புள்ளிக்கு 12 வோல்ட்டிலிருந்து ஒரு 4.7 கிலோ ஓம். இரண்டு பேஸ்களையும் நேராக ஒன்றோடொன்று கட்டுங்கள். முதலாவதன் கலெக்டர் எதிலும் படாமல் நிற்கட்டும். இரண்டாவதன் எமிட்டர் நிலத்துக்கு, அதாவது மின்வழங்கலின் எதிர் முனைக்கு. இப்போது மல்டிமீற்றரை அந்தப் புள்ளியில் வையுங்கள். 8 முதல் 10 வோல்ட் காட்டினால் முறிவு நடக்கிறது. 12க்குக் கிட்டக் காட்டினால் பெரும்பாலும் முதல் திரான்சிஸ்டரின் காலை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள்.

மூன்றாவது திரான்சிஸ்டர் பெருக்குவதற்கு. அந்தப் புள்ளியிலிருந்து 0.1 மைக்ரோஃபரட் கொள்ளளவி வழியாக அதன் பேஸுக்கு. பேஸுக்கும் கலெக்டருக்கும் இடையில் 1.5 மெகா ஓம், கலெக்டரிலிருந்து 12 வோல்ட்டுக்கு மற்ற 4.7 கிலோ ஓம், எமிட்டர் நிலத்துக்கு. கலெக்டரை நேரே ஆர்டுயினோவில் மாட்டினால் 12 வோல்ட் ஏறிப் பலகை எரியும். அதனால் கலெக்டரிலிருந்து 22 கிலோ ஓம், அங்கிருந்து நிலத்துக்கு 10 கிலோ ஓம், இரண்டுக்கும் நடுவிலிருந்து அனலாக் காலுக்கு. அப்போது எவ்வளவு ஏறினாலும் 3.75 வோல்ட்டைத் தாண்டாது. 100 மைக்ரோஃபரட்டை மின்வழங்கலுக்குக் குறுக்கே போடுங்கள், முனை பார்த்து. ஆர்டுயினோவின் நிலமும் இந்த நிலமும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சொல். 1.5 மெகா ஓம் மாட்டிய இடத்தில் பிரெட்போர்டின் ஈரமே ஒரு தடையிபோல வேலை செய்யும். உப்புக் காற்றில் கால்களும் கறுக்கும். பெட்டி சரியாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும் பலகையில் ஈயம் வைத்து ஒட்டிவிடுங்கள்.

பச்சையாகப் பார்த்தல்

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். பிட், ஹாஷ் எல்லாம் பிறகு.

ஊனோ ஒவ்வோர் அளவையும் 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகத் தரும். ஓர் அளவுக்கு ஏறத்தாழ 104 மைக்ரோ வினாடி, அதாவது வினாடிக்கு 9,600 அளவில். உடனுக்குடன் கணினிக்கு அனுப்பினால் தொடர் இணைப்பு தாங்காது, அளக்கும் வேகம் குறையும். நினைவகம் 2,048 பைட்தான். ஆகவே 600 அளவுகளை உள்ளேயே சேர்த்து, முடிந்ததும் மொத்தமாக அனுப்பும்படி நிரலை எழுதுங்கள். 600 அளவு என்றால் 62 மில்லி வினாடி. வீட்டு மின்சாரத்தின் மூன்று அலை அதற்குள் அடங்கும்.

அதை வரைபடமாகப் போடுங்கள். மூன்று மலை, மூன்று பள்ளம் தெரிந்தால் என் பழைய பெட்டிதான் உங்களிடமும் இருக்கிறது. வயர்களைக் குட்டையாக்குங்கள், ஃபேன் ரெகுலேட்டரை விட்டுத் தள்ளி வையுங்கள், பிஸ்கட் டின்னுக்குள் வைத்து டின்னை நிலத்தோடு கட்டுங்கள். நல்ல மூலத்தில் படம் பற்றைக்காடு போல ஒழுங்கில்லாமல் இருக்கும். எந்த எண் எத்தனை தடவை வந்தது என்று எண்ணிப் பார்த்தால் நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும். 0 பக்கத்திலோ மேல் எல்லையிலோ குவிந்து கிடந்தால் பெருக்கம் கூடிவிட்டது. மூன்றாவது திரான்சிஸ்டரின் எமிட்டருக்கும் நிலத்துக்கும் இடையில் 470 ஓம் போட்டுப் பாருங்கள். படம் ஒடுங்கி ஐந்தாறு எண்களுக்குள்ளேயே நின்றால் முதல் திரான்சிஸ்டர் ஊமை, அடுத்ததை மாட்டுங்கள்.

அப்புறம் கொலைச் சோதனை. 0.1 மைக்ரோஃபரட்டின் ஒரு காலைப் பிடுங்கிவிட்டு மறுபடி அளவுகளைப் பாருங்கள். படம் செத்துப்போக வேண்டும். சாகவில்லை என்றால் இதுவரை நீங்கள் பார்த்தது முறிவு இரைச்சலே அல்ல, வேறெங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து என்று கண்டுபிடிக்கும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம்.

பிட் எடுத்தல்

ஒவ்வோர் அளவிலும் கடைசி பிட்டை மட்டும் எடுங்கள், அதாவது அளவு ஒற்றையா இரட்டையா என்பதை. எட்டு பிட்டை ஒரு பைட்டாகக் கட்டி அனுப்பினால் இணைப்பு தாராளமாகத் தாங்கும். பத்து இலட்சம் பிட் சேர இரண்டு நிமிடம்கூட ஆகாது.

அதில் எத்தனை 1? சரிபாதி என்றால் 5,00,000. ஆயிரம் கூடிக் குறைந்தால் கவலையில்லை. ஐயாயிரம் விலகினால் சாய்வு இருக்கிறது. சாய்வு ஒரு நோய் அல்ல, மருந்து 1951இலேயே வந்துவிட்டது. ஜான் வான் நியூமன் சொன்ன வழி: பிட்களை இரண்டிரண்டாகப் பிரியுங்கள். 01 வந்தால் 0 என்று எழுதுங்கள், 10 வந்தால் 1. 00, 11 இரண்டையும் வீசுங்கள். 1 விழும் வாய்ப்பு 0.6 ஆக இருந்தாலும் 01 வரும் வாய்ப்பு 0.24, 10 வரும் வாய்ப்பும் 0.24. சாய்வு போய்விடும். விலை என்னவென்றால் நான்கில் ஒரு பங்கு பிட்தான் மிஞ்சும்: வினாடிக்கு 2,400, அதாவது 300 பைட். ஒரு மெகாபைட் சேர ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வரலாம், இரண்டும் குடிக்கலாம்.

ஆனால் ஒரு பிட் அடுத்த பிட்டைப் பாதிக்காமல் இருந்தால்தான் இந்த மருந்து வேலை செய்யும். அதைப் பார்க்க, பச்சை பிட் வரிசையை அதே வரிசையின் ஒரு பிரதிக்கு மேல் வைத்து, ஒன்று, இரண்டு, மூன்று இடம் என்று நகர்த்தி, எத்தனை இடத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று எண்ணுங்கள். ஒவ்வொரு நகர்த்தலிலும் 50 சதவீதத்தை ஒட்டியே வர வேண்டும். குறிப்பாக 192க்குச் சுற்றுப்புறத்தைக் கவனியுங்கள். 20 மில்லி வினாடியை 104 மைக்ரோ வினாடியால் வகுத்தால் வருவது அதுதான். வீட்டு மின்சாரம் எட்டிப் பார்ப்பதென்றால் அங்கேதான் பார்க்கும். அங்கே 51 வந்தாலும் டின்னைத் திறந்து வயரைப் பாருங்கள்.

சாவி செய்வதென்றால்

எழுமாறு எவ்வளவு இருக்கிறது என்பதைக் கஞ்சத்தனமாகக் கணக்கிட வேண்டும். 1 விழும் வாய்ப்பு 0.6 என்றால் ஒரு பிட்டுக்குள் இருப்பது 0.74 பிட் எழுமாறுதான். நான் இன்னும் இறங்கி 0.5 என்று வைத்துக்கொள்வேன், தெரியாத தொடர்புகளுக்கு இடம் விட்டு. அப்படியானால் 256 பிட் சாவிக்குக் குறைந்தது 512 பச்சை பிட் வேண்டும். 1,024 எடுத்து ஷா-256இல் போடுங்கள். ஹாஷ் சிதறியிருப்பதைச் சேர்த்துச் சுருக்கும், இல்லாததை உண்டாக்காது. பச்சை பிட்டைப் பார்த்து முடித்தவர் கையில் அது நல்ல கருவி.

காவலும் வேண்டும். ஒரே பிட் தொடர்ந்து 41 தடவை வந்தால் நிரல் நின்றுவிட வேண்டும். அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் 800-90பி என்ற ஆவணத்தில் சொல்லும் கணக்கின்படி, பிட்டுக்கு 0.5 எழுமாறு என்றால் வருகிற எல்லை அது. கடைசி பிட் மட்டும் பார்த்தால் ஏமாறலாம். மூலம் செத்தபிறகும் அளக்கும் சில்லின் சொந்த இரைச்சல் அதை ஆட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இடைக்கிடை முழு அளவுகளின் பரப்பையும் பார்த்து, ஒடுங்கியிருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டியைப் போட்டதும் வரும் முதல் சில நிமிட எண்களை வீசுங்கள். சந்தி சூடாகும்போது முறியும் வோல்ட் நகரும்.

என்ட், டைஹார்டர் போன்ற சோதனை மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன, ஓட்டிப் பாருங்கள். தோற்றால் நிச்சயம் பிழை. சித்தியடைந்தால் இன்னும் ஒரு பிழையும் கண்ணில் படவில்லை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹாஷ் போட்ட எண்களை இவற்றில் ஓட்டுவது வீண்வேலை, மேலே என் கதையைப் படித்தீர்கள்தானே.

வங்கிக் கணக்கோ மற்றவர்களின் தகவலோ சம்பந்தப்பட்ட இடத்தில் இந்தப் பெட்டியைத் தனியாக நம்ப வேண்டாம். லினக்ஸ் வைத்திருப்பவர்கள் பெட்டியின் எண்களை டெவ் ரேண்டம் கோப்புக்குள் எழுதலாம். இயங்குதளம் அதைத் தன்னிடம் இருப்பதோடு கலந்துகொள்ளும், ஆனால் தன் எழுமாற்றுக் கணக்கில் கூட்டிக்கொள்ளாது. இதுதான் நமக்குத் தோதான ஏற்பாடு: பெட்டி நன்றாக இருந்தால் இலாபம், கெட்டுப்போனாலும் நட்டமில்லை.

இனி அந்த எட்டு பட்டரி. எட்டும் சேர்ந்தால் 12 வோல்ட். எல்லாம் முடிந்தபிறகு அடாப்டரைக் கழற்றி, பட்டரியைப் போட்டு, மடிக்கணினியின் சார்ஜரையும் பிடுங்கிவிட்டு, பச்சை அளவுகளை இன்னொரு தடவை எடுங்கள். அடாப்டரில் எடுத்த படத்துக்கும் இதற்கும் பரப்பில் வித்தியாசம் தெரியக்கூடாது. பட்டரியில் படம் ஒடுங்கினால் இதுவரை அடாப்டர்தான் உங்களுக்கு எண் தந்துகொண்டிருந்தது. மிச்சமிருக்கும் பதினேழு திரான்சிஸ்டரில் அடுத்ததை மாட்டி, முதலிலிருந்து பாருங்கள்.